பானெட்டுக்குள் ஒரு குடித்தனம்

நிறுத்தி வைத்த காருக்குள் சிறு பிராணிகள் குடியேறுவது உலகம் முழுக்க நடக்கிற சங்கதி. சென்னைப் புறநகரில் வருவது பெரும்பாலும் எலி. மழைக்காலமானால் எலியைத் தேடிக்கொண்டு பாம்பு. தெருவோரம் நிற்கும் வண்டியில் பூனைக்குட்டி, மாமரத்தடியில் நிற்கும் வண்டியில் அணில். ஜெர்மனியில் இதே இடத்துக்கு மார்ட்டன் வருகிறது, கலிபோர்னிய மலைகளில் மார்மட், ஆஸ்திரேலியாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பும் ஹன்ட்ஸ்மன் சிலந்தி. வண்டிக்காரருக்கு விஷயம் தெரியவருவது தாமதமாகத்தான். ஏசியைப் போட்டதும் ஒரு வாடை அடிக்கும். டாஷ்போர்டில் காரணமில்லாமல் என்ஜின் விளக்கு எரியும். இல்லாவிட்டால், சிக்னலில் நிற்கும்போது வைப்பருக்கு அடியிலிருந்து ஒரு வால் நீளும்.

ஓடும் வண்டியில் எந்தப் பிராணியும் ஏறுவதில்லை. நிற்கும் வண்டியில்தான் ஏறுகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். மனிதருக்குக் கார் ஒரு வாகனம். பிராணிக்கு அது மழை படாத, இருட்டான, நாயும் பருந்தும் எட்டாத ஒரு பொந்து. ஓடும் என்ஜினில் சுற்றும் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக இருக்கும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் அந்த இரும்புக் கட்டி ஆறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். குளிர்ந்த இரவில் இதைவிடச் சுகமான இடம் தெருவில் கிடையாது.

உள்ளே போக வழிக்கும் பஞ்சமில்லை. மேலிருந்து பார்த்தால் பானெட் கச்சிதமாக மூடியிருக்கும். கீழே குனிந்து பார்த்தால்தான் ஓட்டைகள் தெரியும். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, ஸ்டியரிங் தண்டு போகும் இடைவெளி, என்ஜினுக்கு அடியில் காற்றோட்டத்துக்கு விட்ட திறப்பு எல்லாமே வாசல்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து இருந்தால் போதும். மண்டை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். பானெட்டின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் ஒலித்தடுப்பு அட்டையைப் பிய்த்தால் பஞ்சு மெத்தை தயார். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் உதிர்ந்த இலை சேரும். அந்தப் பள்ளத்திலிருந்துதான் ஏசிக்கு வெளிக்காற்று போகிறது. எலி அதே வழியில் இறங்கி, கேபின் ஃபில்டரின் காகித மடிப்புகளைக் குதறி, காற்றாடிக்கு மேலே கூடு கட்டுகிறது. ஏசியில் வரும் நாற்றத்துக்கு இந்தக் கூடும் ஒரு காரணம். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற கார்கள் பலவும் எலி கடித்த வயர்களோடு பட்டறைக்குப் போனதில் வியப்பில்லை.

எலியும் வயரும்

எலிக்கு முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரும் பல்லைத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. அதனால் பசி இல்லாவிட்டாலும் எலி கொறிக்கும். அந்தப் பல் செம்பை விடக் கடினமானது. மேலுறை பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய செம்புக் கம்பி என்றிருக்கும் கார் வயர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய அம்பாசடர் காரில் இருந்த வயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைய காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு இணைப்பு. ஒரு வயர் அறுந்தாலும் கணினிக்குத் தகவல் போகாது, வண்டி பலம் இழந்து தவழும், அல்லது கிளம்பவே கிளம்பாது. கடிபட்ட இடம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால் எலக்ட்ரீஷியன் ஒட்டுப் போட்டுச் சரிசெய்துவிடுவார். வயர் கட்டின் நடுவில் என்றால் முழு வயரிங் கிட்டையும் மாற்றச் சொல்வார்கள். செலவு சட்டென்று பல ஆயிரங்களுக்கு ஏறிவிடும். பணத்தைவிடப் பெரிய ஆபத்து பெட்ரோல் குழாயைக் கடித்துவிடுவது. சூடான என்ஜின் மேல் சொட்டும் பெட்ரோல் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

சமீப காலக் கார்களில் வயர் உறை சோயாவிலிருந்து செய்யப்படுவதால்தான் எலி தேடி வந்து தின்கிறது என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு. இதைச் சொல்லி 2016-இல் அமெரிக்காவில் டொயோட்டா மீது வழக்கே போட்டார்கள். எலி எல்லாக் கம்பெனி வண்டியையும் கடிக்கிறது என்பது நிறுவனத்தின் பதில். சோயா உறை வருவதற்கு முன்பும் எலி வயரைக் கடித்ததுதான். தொலைபேசி கேபிளையும் மின்கம்பியையும் அது எந்தக் காலத்திலும் விட்டு வைத்ததில்லை. சோயாவின் மேல் மட்டும் பழியைப் போடுவது பொருந்தவில்லை.

இன்னொரு அநியாயப் பழி மூஞ்சூறின் மேல் விழுகிறது. கீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் ஓடும், கூரிய மூக்குள்ள இந்தப் பிராணி எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சியையும் தின்று வாழ்வது. வயரைக் கொறிக்கும் பல் அதற்கு இல்லை. பானெட்டைத் திறந்ததும் மூஞ்சூறு ஓடினால் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான் என்று அர்த்தம்.

பாம்பு வந்தால்

பாம்புக்கு உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வளைகளில் தண்ணீர் புகுந்ததும் அது காய்ந்த, கதகதப்பான இடம் தேடுகிறது. நாக்கை நீட்டி எலியின் வாடையைப் பிடித்தபடி போனால் அந்தத் தடம் நேராகக் காருக்கடியில் முடிகிறது. தமிழ்நாட்டில் இப்படி வண்டிகளில் ஏறக்கூடியவற்றில் விஷமில்லாதவையும் நிறைய. சாரை எலிக்காக வரும். கொம்பேறி மூக்கன் மரத்திலிருந்து இறங்கி வரும். பல்லி தின்னும் வெள்ளிக்கோல் வரையன் சுவரிலேயே ஏறக்கூடியது. அதன் வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஆனால் நல்ல பாம்பும் வரும் என்பதால், பார்த்தவுடன் இது விஷமில்லாதது என்று தீர்மானிப்பது பழகியவர்களுக்கே உரிய வேலை.

காரைவிட ஸ்கூட்டரில்தான் சிக்கல் அதிகம். முன்பக்க பிளாஸ்டிக் கவசத்துக்கும் உள் சட்டத்துக்கும் இடையே ஒரு முழ நீளத்துக்குக் காலி இடம். ஸ்பீடோமீட்டருக்குக் கீழே இன்னொரு பொந்து. சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்கும் பெட்டியைச் சுற்றியும் இடம் இருக்கிறது. ஓட்டுபவரின் கை ஹேண்டில்பாரில் இருக்க, ஒரு சாண் தள்ளிப் பாம்பின் தலை நீள்வது இப்படித்தான். பிடிக்க வருபவர்கள் கைவிட்டுத் துழாவுவதில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முகப்பு விளக்குக் கூடு, கால் வைக்கும் பலகை, பக்கத் தகடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். மறைய இடம் குறையக் குறையப் பாம்பு தானே வெளியே வரும். வாலைப் பிடித்துக் கொக்கியால் நடு உடலைத் தாங்கி, வாய் அகன்ற பைக்குள் விடுவார்கள். ஒரு பாம்புக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும்.

ஓட்டும்போது பாம்பைக் கண்டால் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் பாம்பல்ல, பதற்றம். வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, காலை நிதானமாக எடுத்து இறங்கினால் போதும். கதவுகளைத் திறந்து வைத்து விலகி நிற்கலாம். ஹார்ன் அடிப்பதில் பயனில்லை. பாம்பு காற்றில் வரும் சத்தத்தைவிடத் தரையின் அதிர்வைத்தான் நன்றாக உணரும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, புகை போடுவது, பினாயில் தெளிப்பது எல்லாம் பாம்பை இன்னும் உள்ளே விரட்டும். பெட்ரோல் வண்டியில் தீ அபாயமும் சேரும். தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொன்னால் வீரர்கள் வருவார்கள், வனத்துறைக்கும் சொல்லலாம். அடித்துக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பாம்பு உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் காரைத் தொடவே பயப்படுகிறவர்களுக்குப் பாம்பு பிடிப்பவர்கள் சொல்லும் ஒரு யோசனை எளிமையானது. சாயங்காலம் காரைச் சுற்றிலும், நான்கு சக்கரத்தின் அடியிலும் கோலமாவை மெல்லிசாகத் தூவிவிட்டு ஆள் அரவம் இல்லாமல் விட்டுவிட வேண்டும். அமைதி கிடைத்தால் பாம்பு இரவில் இறங்கிவிடும். காலையில் மாவில் வளைந்து வளைந்து போன ஒரே கோடு இருந்தால் அது பாம்பு. கோடு வெளியே நீள்கிறதா, உள்ளே வருகிறதா என்பதையும் பார்க்கலாம். குட்டிக் குட்டிக் கால் தடமும் நடுவே மெல்லிய வால் கோடும் இருந்தால் எலி.

கடிபட்டால் கயிறு கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சிகிச்சையின் முதல் படி. 108 வண்டியும் வரும். இந்தியாவில் தரப்படும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. கடித்த பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம்.

சிலந்திக்காகத் திரும்பிய கார்கள்

குடியேறிய பிராணியால் ஒரு தொழிற்சாலையே தலையைப் பிய்த்துக்கொண்ட கதைக்கு மஸ்டா நல்ல உதாரணம். 2011 மார்ச்சில் அந்த நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற மஸ்டா 6 கார்களில் சுமார் 65,000-ஐத் திரும்ப அழைத்தது. காரணம், மஞ்சள் பைச் சிலந்தி எனப்படும் ஒரு சிறு சிலந்தி. பெட்ரோல் தொட்டியிலிருந்து எழும் ஆவி வெளிக்காற்றில் கலக்காமல் பிடித்து வைக்க ஒரு கரிப்பெட்டி உண்டு. அதற்குக் காற்று போய்வர ஒரு மெல்லிய குழாய். சிலந்தி அந்தக் குழாய்க்குள் புகுந்து வலை பின்னியது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரோகார்பன் வாடை அதை இழுக்கிறது என்று சொல்லப்பட்டது. குழாய் அடைபட்டால் தொட்டிக்குள் காற்றழுத்தம் குறையும், தொட்டி உள்வாங்கிச் சுருங்கும், நாளடைவில் விரிசல் விட்டுப் பெட்ரோல் கசியும். நிறுவனம் முதலில் குழாய்க்குள் ஒரு ஸ்ப்ரிங்கை வைத்துப் பார்த்தது. 2014-இல் மறுபடி 42,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை மாற்றியது காரின் கணினி நிரலை: குழாய் அடைபட்டாலும் தொட்டியில் அழுத்தம் மிகவும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி. சிலந்தியைத் தடுக்கும் முயற்சியை விட்டுவிட்டு, அது வந்தாலும் கெடுதல் நேராமல் பார்த்துக்கொண்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

டொயோட்டாவுக்கும் இதே கதி நேர்ந்தது. 2013 அக்டோபரில் கேம்ரி, அவலான், வென்சா மாடல்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை அது திரும்ப அழைத்தது. ஏசியிலிருந்து தண்ணீர் வடியும் குழாயைச் சிலந்தி வலை அடைத்துக்கொண்டால், தேங்கிய தண்ணீர் ஏர்பேக்கை இயக்கும் மின்பெட்டியின் மேல் சொட்டும். எச்சரிக்கை விளக்கு எரியும். அபூர்வமாக ஏர்பேக் தானாக வெடிக்கவும் கூடும். ஒரு நூலிழை வலை இத்தனை தூரம் இழுத்துவிடும் என்று வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜெர்மனியின் எதிரி வேறு மாதிரி. பூனை அளவுள்ள, புதர்வால் கொண்ட கல் மார்ட்டன் அங்கே கார்களின் ரப்பர் குழாய்களையும் வயர்களையும் கடிக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் பகுதியில் இது முதன்முதலில் பெரிதாகக் கவனிக்கப்பட்டது. இன்று ஜெர்மனியில் ஆண்டுதோறும் 2 லட்சம் அளவில் இத்தகைய இழப்பீட்டுக் கோரிக்கைகள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வருகின்றன. மார்ட்டன் கடிப்பது பசியால் அல்ல. அது எல்லை வகுத்து வாழும் பிராணி. ஓரிடத்தில் ஒரு மார்ட்டன் வாடையை விட்டுச்சென்ற கார் அடுத்த இரவு வேறொரு தெருவில் நின்றால், அங்குள்ள மார்ட்டன் தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணிக் கோபத்தில் குதறுகிறது. ஒரே இடத்தில் நிற்கும் காரைவிட ஊர் மாறி ஊர் நிற்கும் காருக்கே அடி அதிகம்.

கலிபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவில் மினரல் கிங் பள்ளத்தாக்குக்குக் காரில் போகிறவர்கள் வண்டியின் அடியில் பெரிய தார்பாயை விரித்து, நான்கு புறமும் மேலே தூக்கிக் கட்டிவிட்டு மலையேறப் போகிறார்கள். பருத்த கொறிவிலங்குகளான மஞ்சள் வயிற்று மார்மட்டுகள் அங்கே ரேடியேட்டர் குழாயைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். சில மார்மட்டுகள் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மலையிறங்கி வெகுதூரம் போய்ச் சேர்ந்ததும் உண்டு. அணிலின் காரியம் வேறு வகை. 2021-இல் வட டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஒரு லாரி ரகக் காரின் உடல் இடுக்குகளில் சிவப்பணில் ஒன்று கருப்பு வால்நட் கொட்டைகளைச் சேமித்து வைத்திருந்தது. தோண்டி எடுத்தபோது 42 கேலன். ஏறக்குறைய 160 லிட்டர் கொள்ளளவு.

சீட்டு இல்லாப் பயணம்

ஒளிந்து வரும் பிராணி இறங்கும் ஊரில் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. ஸ்பெயினில் ஆய்வாளர்கள் 770 கார்களை நிறுத்தி உள்ளே தேடிய ஆய்வொன்று 2017-இல் வெளியானது. நான்கு கார்களில் டெங்குவைப் பரப்பக்கூடிய ஆசியப் புலிக் கொசு இருந்தது. ஆயிரம் காருக்கு ஐந்து என்பது கேட்கச் சிறிதாகத் தெரியும். நெடுஞ்சாலையில் ஒரு நாளில் போகும் கார்களைக் கணக்குப் போட்டால் சிறிதல்ல. சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காத ஒரு கொசு நாடு முழுக்கப் பரவியதில் காருக்குப் பெரிய பங்குண்டு.

2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து கார்களை ஏற்றி வந்த கப்பல்களை நியூசிலாந்து திருப்பி அனுப்பியது. உள்ளே பழுப்பு நாற்றப்பூச்சிகள். பழத்தோட்டங்களை அழிக்கும் அந்தப் பூச்சி நாட்டுக்குள் ஒரு தடவை காலூன்றினால் விரட்டவே முடியாது என்பதால், இறக்குமதியாளர்களின் நஷ்டத்தைப் பார்க்காமல் எடுத்த முடிவு அது. சரியான முடிவு. பென்சில்வேனியாவில் 2014-இல் கண்டறியப்பட்ட புள்ளி லான்டர்ன் பூச்சியின் கதையும் இதுதான்: சேற்றுப் பூச்சு போலிருக்கும் அதன் முட்டைக் குவியல் காரின் அடியில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. தொற்றுப் பகுதியிலிருந்து கிளம்புமுன் வண்டியைச் சோதிக்கச் சொல்லி அங்கே ஓட்டுநர்களுக்குப் பட்டியலே கொடுத்திருக்கிறார்கள்.

தட்டிவிட்டு எடுப்பது

வண்டியில் ஏறும் பிராணிகளில் மிகப் பரிதாபமானது பூனைக்குட்டி. தாய்ப்பூனை குட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்; மழை இரவில் அதற்குத் தோதான இடம் சக்கரத்தின் மேல் வளைவு அல்லது என்ஜின் ஓரம். காலையில் ஸ்டார்ட் செய்தால் பெல்ட்டும் காற்றாடியும் சுழலும், குட்டி தப்புவது அபூர்வம். ஜப்பானில் நிசான் நிறுவனம் 2015-இல் இதற்காகவே ஒரு பிரச்சாரம் தொடங்கியது: குளிர்காலக் காலைகளில் வண்டியை எடுக்குமுன் பானெட்டைக் கையால் தட்டுங்கள், அவ்வளவுதான். காசு செலவில்லாத, கருவி தேவைப்படாத இந்தப் பழக்கத்துக்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை. குட்டியின் சத்தம் கேட்டும் ஆளைக் காணவில்லை என்றால், என்ஜினை அணைத்து ஒரு நெத்திலிக் கருவாட்டைச் சக்கரத்தருகே வைத்துவிட்டு ஒதுங்கினால் பசி அதை வெளியே கொண்டுவரும். கையை நீட்டினால் இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொள்ளும்.

எலிக்குக் கடையில் விற்கும் வைத்தியங்களில் பாதி நம்பிக்கைதான். நுண்ணொலி எழுப்பும் கருவிக்கு எலி சில நாளில் பழகிவிடுகிறது. மெக்கானிக்குகள் பானெட்டில் கட்டித் தொங்கவிடும் புகையிலை, என்ஜின் சூட்டில் காய்ந்து வாடை போகும்வரைதான் பலன் தரும். மாதத்துக்கு இரண்டு முறையாவது மாற்ற வேண்டும். நாஃப்தலின் உருண்டையின் வாடை ஏசி வழியாக உள்ளே இருப்பவர்களுக்கும் வரும், அது உடம்புக்கு ஆகாது. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் தடவிய நாடாவை ஹோண்டா விற்கிறது. வயர் கட்டைச் சுற்றினால் ஓரளவு காக்கும். பசை அட்டை வைப்பது மோசமான யோசனை. எலியோடு பல்லியும் அணிலும் ஒட்டிக்கொண்டு சாகும். ஒட்டிய எலியைத் தேடிப் பாம்பு வந்தால் அதுவும் மாட்டும்.

பலன் தருவது வண்டியைச் சுற்றியுள்ள இடத்தைச் சீராக்குவதுதான். குப்பைத் தொட்டிக்கும் மரக்கிளைக்கும் அடியில் நிறுத்தாமல் இருப்பது, காருக்குள் பிஸ்கட் துகளும் முறுக்குத் துண்டும் சிந்தாமல் பார்ப்பது, கார் ஷெட்டில் பழைய சாமானைக் குவிக்காமல் இருப்பது, ஓட்டாவிட்டாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி நிறுத்துவது, இரவில் பானெட்டைத் திறந்தே வைப்பது. இருட்டும் கதகதப்பும் போனால் எலிக்கு அந்த இடத்தில் வேலையில்லை.

கூட்டைச் சுத்தம் செய்யும்போது வெறுங்கையும் துடைப்பமும் ஆகாது. எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் தமிழ்நாட்டில் மழைக்காலத்து நோய். முகக்கவசமும் கையுறையும் போட்டு, பிளீச்சிங் கரைசலைத் தெளித்து நனைத்த பிறகே அள்ள வேண்டும். கேபின் ஃபில்டரைத் துடைத்துப் போடாமல் புதிதாக மாற்ற வேண்டும்.

செலவை யார் தருவது என்பதில் ஜெர்மனிக்காரருக்குக் குழப்பமில்லை. அங்கே பகுதிக் காப்பீட்டிலேயே மார்ட்டன் கடி வழக்கமாக அடங்கிவிடும். இந்தியாவில் சொந்த சேதத்துக்கான முழுக் காப்பீடு வைத்திருப்பவர், எலி கடி எந்தப் பிரிவில் வருகிறது, அதனால் பின்னால் வரும் பழுதுக்கும் பணம் உண்டா என்று பாலிசி வாசகத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கடிபட்ட வயரை மாற்றுமுன் படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டே பட்டறையில் கை வைக்கச் சொல்ல வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு எலி கடித்த வயருக்காக ஒரு ரூபாயும் கிடைக்காது.